லாரி இறங்கிய வழி

கல்குவாரித் தண்ணீரில் குளித்துவிட்டு வரும் பையனை அவன் அம்மா எப்படியும் கண்டுபிடித்துவிடுவாள். தலைமுடியை வெயிலில் காயவைத்துவிடலாம், சட்டையை மரத்தடியில் கழற்றி வைத்துவிட்டு இறங்கலாம், கண் சிவந்திருப்பதற்கு ஏதாவது காரணம் சொல்லிவிடலாம். ஆனால் செருப்பு வாரின் மடிப்பில் படிந்துவிட்ட சாம்பல் நிறக் கல்மாவை ஒன்றும் செய்ய முடியாது. கடற்கரை மணல் உதறினால் உதிர்ந்துவிடும். கல்மாவு ஈரத்தோடு சேர்ந்தால் சிமெண்டைப்போல் இறுகிக்கொள்ளும். 1996-இல் நாங்கள் ஐந்து பேர், இரண்டு டிவிஎஸ் 50 வண்டிகளிலும் ஒரு சைக்கிளிலுமாக வானூர் வட்டாரத்துக் குவாரிக் குட்டைகளுக்குப் போய்வந்த காலத்தில், எங்கள் ஐவர் வீட்டிலும் ஒரே மாதத்தில் உதை விழுந்ததற்கு அந்த மாவுதான் காரணம்.

ஏன் அவ்வளவு தூரம் போனோம் என்று இப்போது என் அக்கா மகன் கேட்கிறான். கடலை ஒட்டிப் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் வீட்டை வைத்துக்கொண்டு, நீந்துவதற்கு 25 கிலோமீட்டர் உள்நாட்டுக்குள் போவது அவனுக்கு வேடிக்கையாக இருக்கிறது. என் அப்பா இளைஞராக இருந்தபோது வைத்திக்குப்பத்துக் கரையில் மணலில் படுத்து, மணலில் விளையாடி, மணலிலிருந்தே கடலில் இறங்கியவர். 1980-களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்துக்காக இரண்டு அலைத்தடுப்புச் சுவர்கள் கடலுக்குள் நீட்டப்பட்டன. எங்கள் கரையோரமாக ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கு நோக்கி மணல் நகர்ந்துகொண்டே இருக்கும். சுவர் அதைத் தடுத்து நிறுத்தியதும் தெற்கே மணல் மேடு சேர்ந்தது, வடக்கே நகரத்தின் கரை அரித்துப் போனது. அரிப்பைத் தடுக்கக் கரை நெடுகக் கருங்கற்களைக் கொட்டினார்கள். நான் நீந்தும் வயதுக்கு வந்தபோது அப்பாவின் கடற்கரை, பாசி படர்ந்த பாறைகளும் அவற்றில் மோதித் தெறிக்கும் அலையுமாகிவிட்டது. அதில் இறங்குவது முழங்காலைக் கடலிடம் கொடுத்துவிட்டு வருவதற்குச் சமம். 2018-இல் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் தண்ணீருக்கடியில் ஓர் எஃகுத் திட்டை அமைத்த பிறகு தலைமைச் செயலகத்தின் எதிரே கொஞ்சம் மணல் திரும்பி வந்திருக்கிறது. எங்கள் காலத்தில் அதுவும் இல்லை.

புதுச்சேரிக் கரையின் இயல்பான நிலம் மணலும் வண்டலும்தான். அங்கே கிடக்கும் கருங்கற்கள் ஒவ்வொன்றும் உள்நாட்டில் ஏதோ ஒரு குழியிலிருந்து வெடிவைத்து எடுத்து, லாரியில் ஏற்றி வந்தவை. அப்பா குளித்த மணலை மூடிய கல் எந்தக் குழியிலிருந்து வந்ததோ, அப்படிப்பட்ட குழி ஒன்றுக்குள்தான் மகன் குளிக்கப் போனான். இதை நான் அப்போது யோசித்தவனல்லன். இருபது ஆண்டுகள் கழித்து ஒரு மாலை, கடற்கரைச் சாலையில் அந்தக் கற்களின்மேல் உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருந்தபோதுதான் தோன்றியது. நான் உட்கார்ந்திருந்த கல்லின் ஒரு பக்கத்தில் பாதி உருளைவடிவில் ஒரு நீண்ட பள்ளம் இருந்தது. அது பாறையில் வெடி வைக்கத் துளைபோட்ட கம்பியின் தடம். அதே தடத்தை ஒருமுறை என் நண்பனின் விரல்கள் பற்றிக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

சேதராப்பட்டைத் தாண்டி மயிலம் சாலையில் போகும்போது நிலம் மாறுவது தெரியும். முதலில் செம்மண், கடலூர் மணற்கல் என்று நிலவியலாளர்கள் பெயரிட்ட அடுக்கு அது. என் அம்மாவின் ஊர் இருக்கும் பண்ருட்டிப் பக்கத்தில் முந்திரியும் பலாவும் நிற்கும் அதே செம்மண்ணின் உறவு. திருவக்கரையில் அந்த மணற்கல்லுக்குள் சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. 1781-இல் சொன்னெரா என்ற ஐரோப்பிய இயற்கையியலாளர் அவற்றைப் பதிவு செய்தார். இன்று 247 ஏக்கரில் தேசியக் கல்மரப் பூங்காவாக அவை காக்கப்படுகின்றன. அந்தப் பூங்காவைச் சுற்றியுள்ள வட்டாரத்தில்தான், செம்மண்ணும் மணற்கல்லும் விலகிக் கடும்பாறை தலைகாட்டும் இடங்களில், ஜல்லி உடைக்கும் கிரஷர்களும் குவாரிகளும் இருக்கின்றன. கணக்குப்படி அது விழுப்புரம் மாவட்டம். எங்களுக்கோ அது புதுச்சேரியின் கொல்லைப்புறம். நாங்கள் போன குட்டை எந்த ஊர் எல்லையில் இருந்தது என்பதை எழுதப்போவதில்லை. எழுதினால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே யாராவது கைப்பேசி வரைபடத்தைப் பார்த்து வண்டியை எடுத்துவிடுவார்கள்.

குவாரி தானாகக் குட்டை ஆவதில்லை. தோண்டிக்கொண்டிருக்கும்வரை அதற்குள் ஊறும் தண்ணீரையும் பெய்யும் மழையையும் மோட்டார் வைத்து வெளியேற்றியபடியே இருப்பார்கள். நெய்வேலியில் இதைப் பெரிய அளவில் பார்க்கலாம்: நிலக்கரிப் படுகைக்குக் கீழிருந்து அழுத்தத்தோடு மேலேறத் துடிக்கும் நிலத்தடி நீரை இடைவிடாமல் இறைத்தால்தான் அங்கே சுரங்கம் நடக்கும், வெளியே வரும் தண்ணீர் வாலாஜா ஏரி, பெருமாள் ஏரி வழியாகப் பாசனத்துக்கும் போகிறது. சிறு குவாரிகளில் அனுமதிக்காலம் முடிந்தாலோ கல் தீர்ந்தாலோ முதலில் நிற்பது அந்த மோட்டார். அடுத்த ஐப்பசி, கார்த்திகை மழையில் கீழ்த்தளம் மறையும். நான்கைந்து மழைக்காலத்தில் குழி பாதிவரை நிறைந்து, அதில் கல் எடுத்தார்கள் என்பதே புதிதாக வருபவருக்குத் தெரியாத அளவுக்கு அமைதியாகிவிடும்.

அந்த அமைதியின் அழகை மறைத்துப் பேசுவது நேர்மையாக இருக்காது. ஏரியில் வாய்க்கால் வழியே சேறு வந்து சேரும். குவாரிக் குட்டைக்கு வாய்க்காலே கிடையாது, அதனால் தண்ணீர் கலங்குவதில்லை. நுண்ணிய கல்தூள் மிதந்துகொண்டிருக்கும் தண்ணீரில் வெயில் சிதறும்போது, நீலத்துக்கும் பச்சைக்கும் இடையில் ஒரு நிறம் வரும்; எங்களில் ஒருவன் அதை ‘ரின் சோப்பு நீலம்’ என்பான். சுற்றிலும் ஐந்தாறு ஆள் உயரத்துக்குச் செங்குத்தாக நிற்கும் கல்சுவர் காற்றையும் சத்தத்தையும் வெளியே நிறுத்திவிடும். கூப்பிட்டால் பெயர் மூன்று முறை திரும்பி வரும். மல்லாந்து மிதந்தால் வானம் ஒரு கிணற்றின் வாய்போலத் தெரியும். பத்தொன்பது வயதில், பாலிடெக்னிக்கின் ஒர்க்‌ஷாப் வகுப்பிலிருந்து தப்பித்து வந்தவனுக்கு அதைவிட என்ன வேண்டும்?

நான் நீந்தக் கற்றது அம்மா ஊர்க் கிணற்றில். முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டித் தாய்மாமன் தள்ளிவிட்டார்; மூன்றாம் நாள் குடுக்கையை அவிழ்த்துவிட்டார். அந்தக் கிணற்றில் கற்ற தைரியத்தைத்தான் நாங்கள் குவாரிக்கு எடுத்துப்போனோம், தவறும் அங்கேயே தொடங்கியது. கிணற்றில் குதிப்பவனுக்கு இரண்டு விஷயங்கள் தெரிந்திருக்கும். அடியில் என்ன இருக்கிறது என்பதை ஆண்டுதோறும் தூர்வாரும் ஊரே சொல்லும். ஏறி வருவதற்குச் சுவரில் படிக்கல் நீட்டிக்கொண்டிருக்கும். கிணற்றை வெட்டியவன் தண்ணீரிலிருந்து ஏறப்போகும் ஆளை நினைத்துத்தான் அதை வைத்தான். குவாரியை வெட்டியவன் மனதில் எந்த ஆளும் இல்லை. அவன் நினைத்தது லாரியை மட்டும்.

குதிப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீந்துவதற்காகப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டாலும் உண்மையில் நாங்கள் போனது குதிக்கத்தான். எங்கள் பாறை ஜனவரியில் தண்ணீரிலிருந்து ஏறத்தாழ 7 மீட்டர் உயரத்தில் இருந்தது. அங்கிருந்து விழுபவன் தண்ணீரைத் தொடும்போது மணிக்கு சுமார் 42 கிலோமீட்டர் வேகத்தில் இருப்பான். 10 மீட்டருக்கு அது 50 ஆகும். 20 மீட்டருக்கு 71. பள்ளியில் படித்த சமன்பாடுதான். அதைப் பாறையின்மேல் நின்று போட்டுப் பார்த்தவர் எங்களில் எவருமில்லை. அந்த வேகத்தில் கால் நேராக இறங்கினால் தண்ணீர் வழிவிடும். கொஞ்சம் சாய்ந்து தொடையோ முதுகோ பட்டால் பலகையில் அறைந்ததுபோல் இருக்கும். பல்டி அடிக்கப்போய்ப் பாதியில் மனம் மாறிய நண்பன் ஒருவனின் தொடை ஒரு வாரத்துக்குக் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. தலைகீழாகச் சொருகு அடிப்பதை நாங்கள் செய்யவில்லை. அறிவு என்று சொல்ல மாட்டேன், பயம்தான். அந்தப் பயம் இல்லாதவர்கள் கழுத்தெலும்பு முறிந்து, உயிர் பிழைத்தாலும் வாழ்நாள் முழுவதும் படுக்கையில் கிடக்க நேர்ந்திருக்கிறது.

ஒரு நாள் எங்களில் மெலிந்தவன் வழக்கமான பாறையை விட்டு, எதிர்ப்பக்கச் சுவரிலிருந்து குதித்தான். நன்றாகத்தான் குதித்தான், மேலே வந்து கை அசைத்துச் சிரித்தான். பிறகு ஏறுவதற்கு இடம் தேடினான். அந்தப் பக்கச் சுவர் தண்ணீருக்கு மேலே எப்படிச் செங்குத்தோ அப்படியே தண்ணீருக்குள்ளும் செங்குத்து. கை வைக்கும் உயரத்தில் பாசி. சுவரோரமாக நீந்தி நீந்திக் களைத்தவன், துளைக்கம்பி விட்டுப்போன ஒரு தடத்தில் நான்கு விரலை நுழைத்துத் தொங்கினான். சிரிப்பு நின்றிருந்தது. அவன் கத்தவில்லை. மூழ்கப்போகிறவர்கள் கத்துவார்கள், கையை ஆட்டுவார்கள் என்று நினைத்திருந்தேன். மூச்சு வாங்குவதற்கே வாய் போதாதவனுக்குக் கத்துவதற்கு எது மிச்சம்? நாங்கள் மேலே நின்று லுங்கிகளை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தோம், அவை அவனுக்கு எட்டாது என்று தெரிந்தே.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் விளிம்புக்கு வந்தார். எங்களைத் திட்டவில்லை. கீழே பார்த்து, யாரோ தெருவில் வழி கேட்டதற்குப் பதில் சொல்வதுபோலச் சத்தமாகச் சொன்னார்: “தம்பி, செவுத்த உடு. மல்லாந்துக்க. வலப்பக்கமாவே வா, லாரி எறங்குன வழி இருக்கு. அவசரமே இல்ல.” அவன் விட்டான். மல்லாந்தான். 80 மீட்டர் தூரம் இருக்கும். நாங்கள் விளிம்பில் கூடவே நடந்தோம், பெரியவர் பேசிக்கொண்டே வந்தார், ஆட்டைப் பற்றியும் மழையைப் பற்றியும்கூட. குட்டையின் மூலையில் மண்ணும் கல்லும் கலந்த ஒரு சரிவு தண்ணீருக்குள் இறங்கிப் போயிருந்தது. அவன் கால் அதில் தட்டியதும் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

பெரியவர் அதே குவாரியில் கம்ப்ரசர் வைத்துத் துளை போட்டவர். அன்று அவர் குச்சியால் மண்ணில் கோடு போட்டுக் காட்டியது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. மேலிருந்து கீழே ஒரே சுவராக யாரும் வெட்டுவதில்லை. ஓர் ஆள் உயரத்துக்கு மூன்று மடங்குபோல ஒரு படி, பிறகு லாரி நிற்க, மிஷின் நிற்க அகலமாக ஒரு தளம், அதற்குக் கீழே அடுத்த படி. குழி நிறையும்போது மேல்படிகள் மட்டும் வெளியே தெரியும். கீழ்ப்படிகள் தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும், சில இடத்தில் மார்பளவு ஆழத்திலேயே. அதற்கு இரண்டு அடி தள்ளினால் அடியே இல்லாததுபோல் இறங்கிவிடும். கல் சீராக இல்லாத பக்கத்தில் படியைக் குறுக்கியிருப்பார்கள். கடைசி மாதத்தில் அவசரமாகக் கல் எடுத்த பக்கத்தில் படியே இருக்காது. விளிம்புப் பாறையோ வெடியில் அதிர்ந்து உள்ளே விரிசல் கண்டிருக்கும். ஆடு நின்றால் தாங்கும், ஓடிவந்து உந்தினால் தாங்குமா என்பது அதற்கே தெரியாது. இதையெல்லாம் சொல்லிவிட்டு, “நாங்க ஒரு வழிதான் வெச்சோம் தம்பி. எங்க குதிச்சாலும் அங்கதான் ஏறணும். அதப் பாத்துட்டு அப்புறம் குதி” என்றார்.

அடுத்த மே மாதம் வண்டியில் வேறு வேலையாக அந்தப் பக்கம் போனவன், குட்டையை எட்டிப் பார்த்தேன். தண்ணீர் 3 மீட்டர் இறங்கியிருந்தது. பக்கத்து நிலத்துக்காரர்கள் மோட்டார் போட்டு இறைத்திருக்கலாம். எங்கள் 7 மீட்டர் பாறை 10 மீட்டர் ஆகியிருந்தது. அதன் நேர்கீழே, நாங்கள் ஜனவரியில் ஒருவர் பின் ஒருவராகக் குதித்த இடத்துக்குக் கை நீட்டும் தொலைவில், ஒரு தளத்தின் முனை வெளியே வந்திருந்தது. அதில் துருப்பிடித்த ஒரு கம்பி நேராக நின்றது. காய்ந்த சீமைக்கருவேலம் ஒன்று பக்கத்தில். 10 மீட்டர் மேடை கட்டும் போட்டிக் குளங்களில் அதன் கீழே ஏறத்தாழ 5 மீட்டர் ஆழம் வைக்கிறார்கள் என்பதைப் பின்னாளில் படித்தேன். அந்த முனையின்மேல் ஜனவரியில் எவ்வளவு தண்ணீர் இருந்திருக்கும் என்று கழித்துப் பார்த்தேன். அதற்குப் பிறகு நான் குதிக்கவில்லை.

குவாரியில் குதிப்பதே பைத்தியக்காரத்தனம் என்று எழுதிவிட்டு முடிப்பது எளிது. ஆனால் வேல்ஸ் நாட்டின் அபெரெய்டியில் கைவிடப்பட்ட ஒரு பலகைக்கல் குவாரியில், 2012-இல் உலக அளவிலான பாறைக்குதிப்புப் போட்டியே நடந்தது. ஆண்கள் குதித்தது 27 மீட்டரிலிருந்து. அந்த உயரத்தில் தண்ணீரைத் தொடும் வேகம் மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல். அதனால்தான் அவர்கள் எத்தனை கரணம் அடித்தாலும் முடிவில் கால் கீழாகவே இறங்குகிறார்கள். 2013-இல் பார்சிலோனாவில் நடந்த உலக நீச்சல் போட்டியில் ஆண்களுக்கு 27 மீட்டர், பெண்களுக்கு 20 மீட்டர் என்று இது முறையான பிரிவாகவும் சேர்ந்தது. படம் பார்ப்பவர் கண்ணுக்குக் குதிப்பவர் மட்டும் படுகிறார். எனக்குப் பிடித்த காட்சி கீழே இருக்கிறது: அவர் விழும் முன்பே தண்ணீரில் காத்துக்கொண்டிருக்கும் மீட்பு நீச்சல்காரர்கள். அவர் மேலே வந்ததும் அவர்களைப் பார்த்துச் சைகை காட்டிய பிறகுதான் கரை நோக்கி நகர்வார். எங்களுக்கு ஓர் ஆடு மேய்ப்பவர் கிடைத்தார், அதுவும் தற்செயலாக.

மாசசூசெட்ஸில் குயின்சி என்ற ஊரின் கருங்கல் குவாரிகள் வேறு வழியில் முடிந்தன. பங்கர் ஹில் நினைவுத் தூணுக்குக் கல் கொடுத்த குவாரிகள் அவை. கல்லைக் கொண்டுபோக 1826-இலேயே இருப்புப்பாதை போட்டார்கள். கடைசிக் குவாரி 1963-இல் மூடியதும் தண்ணீர் நிறைந்தது, இளைஞர்கள் குதித்தார்கள், பலர் இறந்தார்கள். பிறகு பாஸ்டன் நகருக்கடியில் நெடுஞ்சாலைச் சுரங்கம் தோண்டியபோது வந்த மண்ணைக் கொண்டுவந்து குழிகளை மூடினார்கள். இன்று அதே சுவர்களில் கயிறு கட்டிப் பாறை ஏறுகிறார்கள். இங்கிலாந்தில் பக்ஸ்டன் அருகே ஒரு சுண்ணாம்புக் குவாரிக் குட்டை, பார்ப்பதற்குப் பவளத்தீவுக் கடல்போல நீலமாக இருக்கும். அதன் காரத்தன்மையோ வெளுப்பான் திரவத்துக்குக் கிட்டத்தட்ட நிகர். பலகை வைத்தும் கூட்டம் நிற்கவில்லை. 2013-இல் தண்ணீரில் கறுப்புச் சாயத்தைக் கலந்துவிட்டார்கள். பலகையைப் படிக்காதவன் நிறத்தைப் படிப்பான் என்று ஒரு நகராட்சி புரிந்துகொண்டதில் எனக்கு இன்றும் வியப்பு உண்டு. அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் குழிகளைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கறுப்புத் தண்ணீர் நினைவுக்கு வரும்.

நம்மூரில் பலகைதான். ‘ஆழமான பகுதி, குளிக்காதீர்’ என்று எழுதிய பலகை. அதன்மேல் யாராவது துணி காயப்போட்டிருப்பார்கள். 1961-ஆம் ஆண்டின் சுரங்க ஒழுங்குமுறை, திறந்தவெளிக் குழியின் விளிம்பில் வேலி வேண்டும் என்கிறது. நான் பார்த்த குழிகளில் வேலி என்பது பெரும்பாலும் முள்தான். ஆனால் குழிக்குள் இருக்கும் தண்ணீரைப் பயன்படுத்தத் தெரியாதவர்கள் அல்லர் நாம். 2017-இல் ஏரிகள் வறண்டபோது, மாங்காடு அருகே சிக்கராயபுரத்துக் கைவிடப்பட்ட குவாரிகளிலிருந்து தண்ணீர் எடுத்துச் சுத்திகரித்துச் சென்னைக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். பெருநகரத்தின் தாகத்துக்கு ஒரு குவாரியை ஒழுங்கு செய்ய முடிகிறபோது, ஒரு வட்டாரத்துப் பிள்ளைகள் நீந்துவதற்காக ஒரே ஒரு குட்டையில் ஒரு பக்கம் படிகட்டி, கயிறு கட்டி, காவலுக்கு ஒருவரை நிறுத்துவது முடியாத காரியமா? மற்றக் குட்டைகளுக்குக் கறுப்புச் சாயம் வாங்கலாம்.

பெரம்பலூர் மாவட்டத்துக் கொட்டரையில் 2020 ஆகஸ்டில் நடந்ததையும் இங்கே சொல்ல வேண்டும். நீர்த்தேக்கத்தில் நான்கு இளைஞர்கள் மூழ்கியபோது, துணி துவைத்து முடித்திருந்த மூன்று பெண்கள் தாங்கள் உடுத்தியிருந்த சேலையை அவிழ்த்து வீசி இருவரைக் கரை சேர்த்தார்கள். அரசு அவர்களுக்குக் கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. ஒரு சேலை ஐந்தரை மீட்டர் இருக்கும். நாங்கள் ஐந்து பேர் குவாரிக்குப் போன எத்தனையோ நாளில் ஒரு நாள்கூட ஐந்தரை மீட்டர் கயிறு கொண்டுபோனதில்லை. பிரியாணிப் பொட்டலம் மட்டும் மறந்ததேயில்லை. மீட்பு வண்டியின் பின்பக்கத்தில், தண்ணீருக்கடியில் துழாவும் கொக்கிக் கொத்தான பாதாளக் கொலுசு தொங்குவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது வந்து சேரும்போது மீட்பதற்கு எது மிஞ்சியிருக்கும் என்று.

போன மாதம் அக்கா மகன் அந்தக் குட்டையைக் காட்டச் சொன்னான். அழைத்துப் போகாவிட்டால் நண்பர்களோடு போவான் என்று தெரிந்ததால் நானே அழைத்துப் போனேன். ஒரு நைலான் கயிற்றில் மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்டு, நுனியில் ஒரு கருங்கல்லைக் கட்டி எடுத்துக்கொண்டோம். பெரியவர் இப்போது இல்லை. அவர் ஆடுகள் நின்ற இடத்தில் யாரோ தகரக் கொட்டகை போட்டிருக்கிறார்கள். விளிம்பிலிருந்து எட்டடி தள்ளி இருவரும் குப்புறப் படுத்து, தவழ்ந்து போய், எங்கள் பழைய பாறையிலிருந்து கயிற்றை இறக்கினோம்.

கல் தண்ணீரைத் தொட்ட பிறகு இரண்டு முடிச்சுகள் போயின, கயிறு தளர்ந்தது. “அவ்வளவுதானா மாமா?” என்றான். தூக்கி, பக்கவாட்டில் ஒரு முழம் நகர்த்தி மறுபடி இறக்கச் சொன்னேன். மூன்று. இன்னொரு முழம். இப்போது கயிறு நிற்கவில்லை. அவன் வாய்விட்டு எண்ணிக்கொண்டிருந்தான். ஒன்பதுக்குப் பிறகு எண்ணுவதை நிறுத்திவிட்டான். பதினைந்தாவது முடிச்சு என் விரல் வழியாகப் போனது, அதற்குமேல் கயிறு இல்லை, கல் இன்னும் கீழே இழுத்துக்கொண்டிருந்தது.

“லாரி வழி எந்தப் பக்கம்?” என்று கேட்டான். காட்டினேன். சீமைக்கருவேலம் மூடியிருந்ததால் அவனுக்கு உடனே தெரியவில்லை.